தோட்டக் குளத்தைக் கழுவாதீர்கள்: தண்ணீரை நலமாக வைத்திருக்கும் முறை

குளம் வெட்டிய முதல் வருடம் நான் செய்த பெரிய தப்பு, அதைச் சுத்தம் செய்ததுதான். தண்ணீர் லேசாகப் பச்சை தட்டுகிறதே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்தத் தண்ணீரையும் இறைத்துவிட்டு, அடிச்சேற்றை வழித்தெடுத்து, கல்லையெல்லாம் பிரஷ் போட்டுத் தேய்த்து, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிடித்து வெளுக்கும்வரை கசக்கிப் பிழிந்தேன். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் மீனுக்கு ஆகாது என்பது தெரியும் என்பதால், புதுத் தண்ணீரை இரண்டு நாள் காற்றாட விட்டு அதற்கு அப்புறம்தான் மீன்களை விட்டேன். குளம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஐந்தாம் நாள் காலையில் 11 மீன்களில் 4 மிதந்தன. மிச்சமிருந்தவை மூலையில் ஒதுங்கி, செவுளைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. தண்ணீர் அப்போதும் கண்ணாடி மாதிரிதான் இருந்தது.

அன்று நான் கழுவி ஊற்றியது அழுக்கை அல்ல, குளத்தின் உயிரை. மீன் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் அம்மோனியாவை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். தின்னாமல் விட்ட தீவனமும் உதிர்ந்த இலையும் அழுகினாலும் அம்மோனியாதான். இது மீனுக்கு விஷம். கல், ஸ்பாஞ்ச், செடியின் வேர், குளத்துச் சுவர் என்று எல்லாவற்றின் மேலும் வழவழவென்று ஒரு மெல்லிய படலம் இருக்கிறதே, அதில் வாழும் பாக்டீரியாக்கள் இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி ஆக்கி, செவுளையே பழுப்பாக்கிவிடும். இன்னொரு வகை பாக்டீரியா அதை எடுத்து நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை, செடிகள் அதை உரமாக உறிஞ்சிக்கொள்ளும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் தண்ணீர் கெடும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது.

அதனால் இனி சொல்லப்போகிற எல்லாமே அந்தப் படலத்தைக் காப்பாற்றுவது பற்றியும், அதற்கு வேண்டிய காற்றையும் நேரத்தையும் கொடுப்பது பற்றியும்தான்.

முதலில் கொள்ளளவு

எந்த மருந்து, எவ்வளவு தண்ணீர் மாற்றம் என்று எதைக் கேட்டாலும் லிட்டர் கணக்கு வேண்டும். நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி 1000 ஆல் பெருக்கினால் லிட்டர். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 60 செ.மீ. ஆழம் என்றால் 3600 லிட்டர். குளம் கோணல்மாணலாக இருந்தால் இந்தக் கணக்கு உதவாது. அப்போது குழாயிலிருந்து 20 லிட்டர் வாளி எத்தனை நிமிடத்தில் நிரம்புகிறது என்று பாருங்கள், அப்புறம் முழுக் குளமும் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். வாளிக்கு 1 நிமிடம், குளத்துக்கு 3 மணி நேரம் என்றால் அதே 3600. இந்த எண்ணை எங்கேயாவது எழுதி வையுங்கள், தேடாமல் கிடைக்கிற இடத்தில்.

புதுக் குளமா? பொறுங்கள்

புதிதாகக் கட்டிய குளத்தில் அந்தப் பாக்டீரியா படலம் உருவாக ஏறத்தாழ 4 முதல் 6 வாரம் ஆகும், குளிர் காலத்தில் இன்னும் அதிகம். இந்த நாட்களில் பம்ப்பும் ஃபில்டரும் ஓடட்டும், செடிகளை வையுங்கள், மீன் விடுவதாக இருந்தால் இரண்டு மூன்று சின்ன மீன்களோடு நிறுத்துங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு குளத்திலிருந்து ஊறிப்போன ஸ்பாஞ்சோ ஒரு கை கூழாங்கல்லோ கிடைத்தால் அதை உங்கள் ஃபில்டரில் போடுங்கள். அந்தக் குளத்தில் மீன்களுக்கு நோய் இல்லை என்று தெரிந்தால் மட்டும். பாட்டிலில் விற்கும் எதையும்விட இது வேகமாக வேலை செய்யும் என்பது என் அனுபவம்.

சிமென்ட் குளம் என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. புது சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து தண்ணீரின் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) ஏறிவிடும். நிரப்பி, சில நாள் ஊறவைத்து, இறைத்துவிட்டு, மறுபடி நிரப்பி என்று பலமுறை செய்யுங்கள். பிஎச் 8.5-க்குக் கீழே வந்து அங்கேயே நிற்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் மீன் விட வேண்டும்.

விடியற்காலையில் குளத்தைப் பாருங்கள்

எல்லோரும் மாலையில், வேலை முடிந்து வந்து, குளத்தோரம் உட்கார்ந்து பார்ப்போம். அது குளம் நன்றாக இருக்கும் நேரம். பகல் முழுக்கச் செடியும் பாசியும் வெயிலில் ஆக்சிஜன் தயாரித்திருக்கும். இரவில் அதே செடியும் பாசியும் மீனோடும் பாக்டீரியாவோடும் சேர்ந்து ஆக்சிஜனைச் செலவழிக்கும். அதனால் விடியலுக்குச் சற்று முன்புதான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. குளத்தின் உண்மையான நிலை அப்போதுதான் தெரியும்.

வாரத்தில் ஒரு நாளாவது வெளிச்சம் வருவதற்கு முன் ஒரு டார்ச்சோடு போய் நில்லுங்கள். மீன்கள் நடுத்தண்ணீரில் அமைதியாக நின்றால் நல்லது. எல்லாம் மேல்மட்டத்துக்கு வந்து, வாயை நீர்மட்டத்தில் ஒட்டினாற்போல வைத்து, 'பொக் பொக்' என்று காற்றை உறிஞ்சினால், அதுவும் பம்ப்பிலிருந்து தண்ணீர் விழும் இடத்திலேயே கூட்டமாக நெருக்கியடித்தால், ஆக்சிஜன் போதவில்லை. தீவனம் கேட்கிறது என்று நினைத்துப் போட்டுவிடாதீர்கள். பெரிய மீன்கள்தான் முதலில் திணறும்.

வெயில் காலத்தில் இது மோசமாகும், ஏனென்றால் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் கரைவதே குறைவு. 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரில் அதிகபட்சம் 11.3 மி.கி. ஆக்சிஜன் கரையும், 20 டிகிரியில் 9.1, 30 டிகிரியில் வெறும் 7.5. பெரும்பாலான குளத்து மீன்களுக்கு 5 மி.கி.க்குக் குறையாமல் இருக்க வேண்டும். சூட்டில் மீனுக்குத் தேவையும் கூடுகிறது என்பதால் இடைவெளி இரண்டு பக்கமும் சுருங்குகிறது. பம்ப்பை இரவில் நிறுத்தி மின்சாரம் மிச்சப்படுத்தலாம் என்று நினைப்பவர்களுக்கு நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது: நிறுத்த வேண்டும் என்றால் பகலில் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள், இரவில் வேண்டாம். அதையும் நீண்ட நேரம் செய்யாதீர்கள், ஓட்டம் இல்லாத ஃபில்டருக்குள் பாக்டீரியா மூச்சுத் திணறிச் சாகும். சில மணி நேரம் நின்றுபோன ஃபில்டரைத் திரும்பப் போடுமுன் உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓடவிடுங்கள்.

நீர்மட்டம் கலங்குவதுதான் காற்று உள்ளே போகும் வழி. சின்ன அருவி, மேலே பீய்ச்சும் குழாய், ஏர் பம்ப்போடு ஒரு காற்றுக்கல், எது வேண்டுமானாலும் சரி.

எதைச் சோதிக்க வேண்டும்

சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் சோதனைப் பெட்டி ஒன்று வாங்குங்கள். காகிதப் பட்டைகளைவிட அது நம்பகமானது. அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் லிட்டருக்கு 40 மி.கி.க்குள், பிஎச் 6.5 முதல் 8.5-க்குள். இவ்வளவுதான் இலக்கு. புதுக் குளத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை, படலம் நன்றாகப் படிந்து ஊறிய குளத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மீன் செத்தாலோ புது மீன் விட்டாலோ உடனே.

பிஎச்சையும் அம்மோனியாவையும் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது. தண்ணீரில் இருக்கும் மொத்த அம்மோனியாவில் ஒரு பகுதிதான் கொல்லும் வடிவத்தில் இருக்கும், அந்தப் பகுதி எவ்வளவு என்பதைப் பிஎச்சும் சூடும் தீர்மானிக்கின்றன. 25 டிகிரியில், பிஎச் 7 என்றால் மொத்தத்தில் அரை சதவீதத்துக்குச் சற்று மேல். பிஎச் 8 என்றால் 5 சதவீதம். பிஎச் 9 என்றால் 36 சதவீதம். அதாவது காலையில் பிழைத்துக்கொண்ட மீன், அதே அளவு அம்மோனியாவில், பிஎச் ஏறிய பிற்பகலில் சாகலாம். பாசி நிறைந்த பச்சைக் குளத்தில் பிஎச் பகலில் ஏறி இரவில் இறங்கும், ஏனென்றால் பாசி பகலில் கரியமில வாயுவை உறிஞ்சிவிடுகிறது. ஆகவே ஒரே நேரத்தில் சோதிக்காமல் ஒருநாள் விடியலிலும் அன்றே பிற்பகல் மூன்று மணிக்கும் சோதித்துப் பாருங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் காரத்தன்மை குறைவு என்று அர்த்தம்.

காரத்தன்மை என்பது பிஎச்சை ஆடாமல் பிடித்து நிறுத்தும் கார்பனேட் சரக்கு. சோதனைப் பெட்டியில் கேஎச் என்று போட்டிருக்கும். லிட்டருக்கு 100 மி.கி. பக்கம் இருந்தால் நிம்மதி. நைட்ரேட் உண்டாக்கும் வேலையில் பாக்டீரியாக்களே இதைத் தின்று தீர்க்கும், கனமழையும் கரைத்து நீர்க்கச் செய்யும். குறைந்தால் சமையல் சோடா போதும், 1000 லிட்டருக்கு 30 கிராம் போட்டால் ஏறத்தாழ 18 மி.கி. ஏறும். ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, குளத்தைச் சுற்றி ஊற்றி, மறுநாள் சோதித்துவிட்டு அப்புறம் அடுத்த தவணை. பிஎச் ஏற்றும், இறக்கும் மருந்துகளை மட்டும் மாற்றி மாற்றி ஊற்றாதீர்கள். பிஎச் 8.2-இல் நிலையாக இருக்கும் குளத்தில் மீன் நன்றாகவே வாழும், 7-க்கும் 8-க்கும் நடுவே ஊசலாடும் குளத்தில்தான் வாடும்.

தண்ணீர் மாற்றுவதும் ஃபில்டர் கழுவுவதும்

வாரத்துக்கு 10 முதல் 15 சதவீதம். நம் 3600 லிட்டர் குளத்தில் 360 முதல் 540 லிட்டர். ஆவியாகிக் குறைந்ததை மட்டும் நிரப்பிவிட்டு "தண்ணீர் மாற்றினேன்" என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். அது மாற்றம் இல்லை. ஆவியாகும்போது தண்ணீர் மட்டும்தான் போகிறது, உப்பும் நைட்ரேட்டும் உள்ளேயே தங்கி அடர்த்தியாகிறது. முதலில் அடியிலிருந்து கொஞ்சம் வெளியேற்றி, அப்புறம் நிரப்ப வேண்டும். வெளியேற்றிய தண்ணீர் செடிகளுக்கு அருமையான உரம்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் திறந்த தொட்டியில் ஒருநாள் காற்றுக்கல்லோடு வைத்தால் போய்விடும். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைன் கலந்த தண்ணீர் அப்படி இல்லை, எத்தனை நாள் வைத்தாலும் எளிதில் போகாது. அதற்குக் குளோரின் நீக்கி வாங்கிப் பயன்படுத்துங்கள். சாதாரணச் சரக்கில் இருப்பது சோடியம் தயோசல்பேட். குளோரமைனை உடைத்தால் கொஞ்சம் அம்மோனியா மிஞ்சும் என்பதால், அந்தத் தண்ணீர் உள்ள இடத்தில் ஒரே நேரத்தில் அதிகம் மாற்றாமல் சிறிது சிறிதாக மாற்றுவது நல்லது. உங்கள் ஊர்த் தண்ணீரில் எது கலக்கிறார்கள் என்று தண்ணீர் வழங்கும் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

ஃபில்டரைக் கழுவும் முறை இது. குளத்திலிருந்தே ஒரு வாளித் தண்ணீர் மொள்ளுங்கள். ஸ்பாஞ்சை எடுத்து அதில் முக்கி, மூன்று நான்கு முறை மெதுவாக அமுக்கி விடுங்கள். தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வரும். அங்கேயே நிறுத்துங்கள். ஸ்பாஞ்ச் பழுப்பாகவே இருக்கட்டும், தண்ணீர் அதன் வழியே தடையில்லாமல் ஓடினால் போதும். இரண்டு ஸ்பாஞ்ச் இருந்தால் இந்த வாரம் ஒன்று, இரண்டு வாரம் கழித்து மற்றது. அன்றைக்கு நான் இதைச் செய்திருந்தால் அந்த நான்கு மீன்களும் பிழைத்திருக்கும்.

பம்ப் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்றால், மீன் இருக்கும் குளத்தில் மொத்தத் தண்ணீரும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது ஃபில்டர் வழியாகச் சுற்றி வர வேண்டும். மேலே தூக்கி விடுவதற்கு ஆகும் இழப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்டு ஒரு அளவு பெரியதாகவே வாங்குங்கள்.

தீவனம்

தண்ணீர் கெடுவதற்குப் பாதிக் காரணம் கை தாராளம். 3 நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு போடுங்கள், மிஞ்சியதை வலையால் எடுத்துவிடுங்கள். தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போனால் தங்கமீன், கோய் வகைகளுக்குத் தீவனமே வேண்டாம், செரிக்காது. நீங்கள் ஒரு வாரம் வெளியூர் போகிறீர்கள் என்றால், ஊறிய குளத்தில் இருக்கும் நல்ல நிலையிலுள்ள வளர்ந்த மீன் பாசியையும் பூச்சியையும் தின்று சமாளித்துக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்காரரிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் ஆபத்து, அவர் பாசத்தோடு அள்ளிப் போட்டுவிடுவார்.

பச்சைத் தண்ணீரும் நூல் பாசியும்

பட்டாணிச் சாறு மாதிரிப் பச்சையாக இருப்பது மிதக்கும் ஒற்றைச் செல் பாசி. கல்லிலும் செடியிலும் முடிக்கற்றை மாதிரித் தொங்குவது நூல் பாசி. இரண்டும் வருவது ஒரே காரணத்தால்: வெளிச்சமும் சத்தும் அதிகம், அதைத் தின்ன செடி குறைவு. ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி மெதுவாக இறக்கிப் பாருங்கள். 40 செ.மீ. ஆழத்தில் தட்டு தெரிந்தால் லேசான பச்சைக்காகக் கவலைப்பட வேண்டாம், அது மீனுக்கு நல்லதுதான். 15 செ.மீ.யிலேயே மறைந்தால் கவனிக்க வேண்டும்.

பாசிக்கொல்லி ஊற்றுவது எளிது, அதனால்தான் எல்லோரும் அதையே செய்கிறார்கள். மொத்தப் பாசியும் ஒரே நாளில் செத்து அழுகும்போது அந்த அழுகல் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும், மறுநாள் விடியலில் மீன் மிதக்கும். செம்பு கலந்த சரக்கு நத்தைகளையும் கொன்றுவிடும். நான் அதைத் தொடுவதே இல்லை. நூல் பாசிக்கு ஒரு சொரசொரப்பான குச்சி போதும், உள்ளே விட்டு நூல் சுற்றுவது போலச் சுற்றினால் கற்றையாக வந்துவிடும். பிடுங்கியதைக் கரையில் ஒரு மணி நேரம் போட்டு வையுங்கள், ஒட்டிக்கொண்டு வந்த பூச்சிகளும் நத்தைக்குஞ்சுகளும் திரும்பித் தண்ணீருக்குள் இறங்கட்டும். பச்சைத் தண்ணீருக்குப் புறஊதா விளக்கு வைத்த குழாய் நன்றாகவே வேலை செய்யும். பாசிச் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஃபில்டரில் சிக்கும். ஆனால் நூல் பாசியை அது எதுவும் செய்யாது, சத்தையும் குறைக்காது.

நிரந்தரத் தீர்வு செடிதான். நீர்ப்பரப்பில் ஏறத்தாழ பாதியை இலைகள் மூடியிருக்கட்டும், அல்லி இதற்கு மிகப் பொருத்தம். அடியில் ஹார்ன்வொர்ட், வாலிஸ்நேரியா போன்ற மூழ்கிய செடிகள், ஓரத்தில் வேரை மட்டும் தண்ணீரில் வைத்திருக்கும் செடிகள். வெங்காயத்தாமரை சத்தை உறிஞ்சுவதில் கெட்டிக்காரச் செடி, ஆனால் ஒத்த சூழல் கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். பல நாடுகளில் வளர்க்கவோ விற்கவோ தடை இருக்கிறது. அனுமதி உள்ள இடத்தில் வைத்தாலும் அள்ளியதை ஆற்றிலோ ஏரியிலோ வாய்க்காலிலோ எறியாதீர்கள், காயவைத்து மக்க விடுங்கள். எந்தச் செடியின் அழுகிய இலையையும் காம்போடு நறுக்கி எடுப்பது வாரந்தோறும் ஐந்து நிமிட வேலை.

இலை, சேறு, மழை

மரத்தடிக் குளம் என்றால் இலையுதிரும் மாதங்களில் மேலே வலை கட்டுங்கள். அடியில் விரல் தடிமனுக்குச் சேறு இருந்தால் பரவாயில்லை, தட்டான் குஞ்சுகளும் மற்ற உயிர்களும் அங்கேதான் வாழ்கின்றன. அதைவிடக் கனமாகி, குச்சியால் கிளறினால் குமிழி வந்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அது ஹைட்ரஜன் சல்பைடு, மீனுக்குக் கடும் விஷம். கிளறுவதை நிறுத்திவிட்டு, உறிஞ்சும் குழாயால் ஒரு தடவைக்குக் கால் பகுதி வீதம், சில வார இடைவெளியில் எடுங்கள்.

குளத்தின் விளிம்பு சுற்றியுள்ள தரையைவிடக் கொஞ்சமாவது உயரமாக இருக்க வேண்டும். மழைத் தண்ணீர் புல்தரையில் போட்ட உரத்தையும் பூச்சிமருந்தையும் அடித்துக்கொண்டு உள்ளே வந்தால் மேலே சொன்ன எல்லாமே வீண். பூச்சிமருந்து அடிக்கும் நாளில், காற்று குளத்தின் பக்கம் வீசினால் அன்றைக்கு அடிக்காதீர்கள்.

கொசுவுக்குப் பயந்து மருந்து ஊற்ற வேண்டியதில்லை. ஓடும், அலையும் தண்ணீரில் கொசு முட்டையிட விரும்பாது, இட்டாலும் மீன் புழுவைத் தின்றுவிடும். மீன் இல்லாத குளத்துக்குப் பிடிஐ என்ற பாக்டீரியா வில்லைகள் இருக்கின்றன. அவை கொசுப்புழுவையும் அதற்கு நெருங்கிய சில ஈ வகைப் புழுக்களையும் மட்டும் தாக்கும், தவளைக்கும் தட்டானுக்கும் கேடில்லை.

மீன் திணறும் காலையில்

தீவனத்தை நிறுத்துங்கள். பம்ப் ஓடுகிறதா என்று பாருங்கள். நின்றிருந்தால், கையில் கிடைத்த குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள், பத்து நிமிடத்தில் மீன்கள் அந்த இடத்துக்கு வந்து கூடும். அப்புறம் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதியுங்கள். எது தெரிந்தாலும் குளோரின் நீக்கிய தண்ணீரால் கால் பங்கு மாற்றுங்கள், குளத்துத் தண்ணீரின் சூட்டுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். நைட்ரைட் என்றால் 1 லிட்டருக்கு 1 கிராம் வீதம் அயோடின் கலக்காத உப்பைக் கரைத்துச் சிறிது சிறிதாகச் சேர்த்தால், நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போவதை அது தடுக்கும். அந்த உப்பு ஆவியாகாது என்பதை நினைவில் வைத்து, பிற்பாடு தண்ணீர் மாற்றி மாற்றித்தான் குறைக்க வேண்டும். மறுநாள் காலையிலும் சோதியுங்கள், அதற்கு அடுத்த நாளும். தொடர்ந்து மூன்று நாள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 காட்டும்வரை தீவனம் வேண்டாம்.